தேள் வாலுக்குக் கீழே ஒரு சிவப்பு மீப்பெரு விண்மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கடற்கரையில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டி வருகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் விருச்சிகம் தெற்கே நன்றாக ஏறி நிற்கும். அதன் வாலுக்குக் கீழே இருக்கும் 'வெஸ்டர்லண்ட் 1' என்ற விண்மீன் கொத்தைப் பற்றியும், அதற்குள் இருக்கும் ஒரு மாபெரும் சிவப்பு விண்மீனைப் பற்றியும் சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. சொன்னதும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, பதிலும் தந்திருக்கிறேன்.

சிவப்பு மீப்பெரு விண்மீன்னா என்ன சார்?

ஒரு விண்மீன் தன் மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றி, அதில் வரும் ஆற்றலால் ஒளிர்கிறது. நம் சூரியனும் அதைத்தான் செய்கிறது. மைய ஹைட்ரஜன் தீர்ந்ததும் மையம் சுருங்கிச் சூடேறும், வெளி அடுக்குகளோ ஊதிப் பெருக்கும். மேற்பரப்பு அவ்வளவு விரிந்துவிடுவதால் அதன் வெப்பம் குறைந்து, நிறம் சிவப்பாகிவிடுகிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். இந்த வகை விண்மீன்களுக்கு 3,200 முதல் 3,600 வரைதான்.

சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகளில் இப்படி ஊதிப்போகும். ஆனால் அது சாதாரணச் சிவப்புப் பெருவிண்மீன். பிறக்கும்போதே சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் நிறை கொண்டவைதான் மீப்பெரு விண்மீன் ஆகும். ஆங்கில வழிப் பிள்ளைகள் 'ரெட் சூப்பர்ஜயன்ட்' என்று படிப்பது இதைத்தான்.

அப்படி ஒண்ணை நாங்க கண்ணால பார்த்திருக்கோமா?

பார்த்திருக்கிறீர்கள். திருவாதிரை ஒன்று, கேட்டை ஒன்று. இரண்டுமே சிவப்பு மீப்பெரு விண்மீன்கள்தான். இரண்டும் நம்மிடமிருந்து ஏறத்தாழ 550 ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு) தொலைவில் இருக்கின்றன.

மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு உத்தரகோசமங்கை போகிறவர்கள், மரகத நடராசருக்குச் சந்தனம் களையும் அந்த இரவில் கோயிலுக்கு வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பாருங்கள். கிட்டத்தட்ட முழுநிலாவாக இருக்கும் நிலவுக்கு அருகில் செம்மஞ்சளாக ஒன்று நிற்கும். அதுதான் திருவாதிரை. கேட்டையைப் பார்க்க ஆனி மாதம் வரை காத்திருக்க வேண்டும். தேளின் நெஞ்சில் சிவப்பாக இருப்பது அது.

நீங்க சொல்ற விண்மீன் எந்தப் பக்கம் இருக்கு? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தென்கடல் பார்த்து நில்லுங்கள். ஜூன் நடுவில் இரவு பதினொன்றேகால் வாக்கிலும், ஜூலை நடுவில் ஒன்பதரை வாக்கிலும் அந்த இடம் நேர் தெற்கே வரும். முதலில் கேட்டையைப் பிடியுங்கள். அதிலிருந்து தேளின் உடம்பு கீழே இறங்கி, இடது பக்கமாக வளைந்து கொக்கி போல மேலே திரும்பும். கீழே இறங்கி வளையத் தொடங்கும் மூலையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு ஜோடி இருக்கும். அவைதான் ஜீட்டா விண்மீன்கள். அந்த ஜோடிக்கு நேர் கீழே, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலத்தில் வெஸ்டர்லண்ட் 1 இருக்கிறது. வானியல் வரைபடத்தில் அது 'ஆரா' என்ற பீடக் கூட்டத்தைச் சேர்ந்த இடம்.

நம் கரையிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் 35 பாகை வரை ஏறும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து மூன்றரை முட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நமக்குப் பெரிய வசதி. டெல்லியில் இருப்பவர்களுக்கு அந்த இடம் 16 பாகைக்குக் கீழேயே நின்று, புகையிலும் தூசியிலும் அமுங்கிவிடும். லண்டனில் அது உதிப்பதே இல்லை.

அந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே ஒண்ணுமே தெரியலையே?

தெரியாது. நீங்கள் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கொத்து 12,000 முதல் 14,000 ஒளியாண்டு தொலைவில், பால்வெளியின் தட்டுக்குள்ளேயே இருக்கிறது. வழி முழுக்க விண்வெளித் தூசு. அங்கிருந்து கிளம்பும் பார்வை ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட நம்மை வந்து சேர்வதில்லை.

தூசு எல்லா நிறத்தையும் ஒரே அளவில் மறைப்பதில்லை. நீலத்தை அதிகம் தின்னும், சிவப்பை ஓரளவு விடும், சிவப்புக்கும் அப்பால் உள்ள அகச்சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். தனுஷ்கோடியில் மறைகிற சூரியன் கடைசியில் சிவப்பாக மட்டும் தெரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்று செய்கிற வேலையை இங்கே தூசு பல்லாயிரம் மடங்கு கடுமையாகச் செய்கிறது.

தெரியாததை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

ஸ்வீடன் நாட்டு வானியலாளர் பெங்க்ட் வெஸ்டர்லண்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்வானத்தைப் படம் எடுத்து ஆராய்ந்தபோது, 1961-இல் இந்தக் கொத்தைக் கண்டார். தூசால் மிகவும் சிவந்துபோன ஒரு கொத்து என்று அப்போதே தெரிந்தது. ஆனால் அதன் உண்மையான கனம் புரியப் பல ஆண்டுகள் ஆயின. தூசு ஊடுருவிப் பார்க்கும் கருவிகள் வர வேண்டியிருந்தது.

பிறகு ஒவ்வொரு ஒளியும் ஒவ்வொன்றைச் சொன்னது. ரேடியோவில் பார்த்தபோது, நம் சிவப்பு விண்மீனைச் சுற்றி அயனியான, அதாவது எலக்ட்ரானை இழந்த, வாயு இருப்பது 1990-களின் இறுதியில் தெரியவந்தது. எக்ஸ் கதிரில் பார்த்த சந்திரா தொலைநோக்கி, செத்துப்போன ஒரு விண்மீனின் மிச்சத்தை அந்தக் கொத்துக்குள் கண்டுபிடித்தது. (சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி அது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல நான் மறப்பதில்லை.) 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்த படத்தில் கொத்து முழுவதும் நெருக்கமாக மின்னியது. கைப்பேசியில் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் வெறும் இருட்டாக இருக்கும் நம் வானத்தைப் பாருங்கள்.

கொத்துன்னா, கார்த்திகை மாதிரியா?

வகை ஒன்றுதான், அளவு வேறு. இரண்டும் ஒரே வாயு மேகத்திலிருந்து சேர்ந்து பிறந்த விண்மீன்களின் கூட்டம். கார்த்திகையில் ஆயிரத்துக்கு மேல் விண்மீன்கள் உண்டு, நம் கண்ணுக்கு ஆறு ஏழு தெரியும். மொத்தமாகக் கூட்டினால் சூரியனைப் போல் சில நூறு மடங்கு நிறை வரும். வெஸ்டர்லண்ட் 1-இன் நிறை சூரியனைப் போல் 50,000 மடங்குக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். பால்வெளியில் நமக்குத் தெரிந்த இளம் கொத்துகளில் மிகக் கனமானது இது.

நெருக்கமும் அப்படித்தான். அதன் முக்கியமான பகுதி சுமார் 6 ஒளியாண்டு அகலத்துக்குள் அடங்கிவிடும். சூரியனுக்கும் அதற்கு அடுத்த விண்மீனுக்கும் இடையே மட்டுமே 4.2 ஒளியாண்டு இருக்கிறது. நம் பூமி அந்தக் கொத்தின் நடுவில் இருந்திருந்தால், முழுநிலவைப் போல ஒளிரும் விண்மீன்கள் வானம் நிறைய இருக்கும். இரவு என்ற ஒன்றையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

சரி, அந்தச் சிவப்பு விண்மீன் எவ்வளவு பெருசு?

அதன் பெயர் வெஸ்டர்லண்ட் 1-26. சுருக்கமாக டபிள்யூ 26. பெரும்பாலும் சொல்லப்படும் கணக்குப்படி அதன் அகலம் சூரியனைப் போல் 1,500 மடங்கு. குறைவாக, 1,200 மடங்கு அளவில் சொல்லும் கணக்குகளும் உண்டு. எதை எடுத்தாலும், அதைக் கொண்டுவந்து சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாம் உள்ளே போய்விடும். வியாழனின் பாதை வரைக்கும் அது எட்டும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கணக்கு இது. சூரியனின் நடுக்கோட்டை ஒளி ஒரு சுற்றுச் சுற்ற 15 விநாடி கூட ஆகாது. 1,500 மடங்கு என்று எடுத்துக்கொண்டால் டபிள்யூ 26-ஐ ஒரு சுற்றுச் சுற்ற ஒளிக்கே ஆறு மணி நேரம் ஆகும்.

ஆனால் இவ்வளவு பெரிய உடம்புக்கு ஏற்ற கனம் அதற்கு இல்லை. சூரியனைப் போல் சில பத்து மடங்கு நிறை, முன்னூறு கோடி மடங்குக்கு மேலான கன அளவில் பரவிக் கிடக்கிறது. சராசரியாகப் பார்த்தால் நாம் சுவாசிக்கும் காற்றை விட அது லட்சம் மடங்கு வரை லேசானது. கனமெல்லாம் நடுவில் ஒரு சிறு இடத்தில் குவிந்திருக்கிறது. வெளிப்பகுதிக்கு ஒரு கறாரான விளிம்பு கூடக் கிடையாது. எங்கே விண்மீன் முடிகிறது, எங்கே அது ஊதித்தள்ளும் வாயு தொடங்குகிறது என்பதை அளக்கும் ஒளியைப் பொறுத்தே சொல்ல முடியும்.

இதுதானே இருக்கிறதிலேயே பெரிய நட்சத்திரம்? யூடியூப்ல வேற வேற பேர் சொல்றாங்களே?

யூவை ஸ்கூட்டி என்பார்கள், ஸ்டீபன்சன் 2-18 என்பார்கள், சில வீடியோக்களில் இதுவே முதலிடம். முந்தைய பதிலில் சொன்னபடி விளிம்பே தெளிவில்லாத ஒன்றுக்கு அளவெடுக்கிறோம். அதோடு தொலைவும் சரியாகத் தெரிய வேண்டும். தொலைவில் நூற்றுக்கு இருபது பிசகினால் அகலத்திலும் அதே அளவு பிசகும். யூவை ஸ்கூட்டிக்கு முதலில் சூரியனைப் போல் 1,700 மடங்கு என்றார்கள், பிறகு அந்த எண் இறங்கிவிட்டது. ஸ்டீபன்சன் 2-18-க்குச் சொல்லும் 2,150 மடங்கும் உறுதியான அளவல்ல.

இந்தப் பட்டியலுக்காகச் சண்டை போடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. 'பெரியவற்றில் ஒன்று' என்று சொன்னால் போதும், தப்பில்லை. பிள்ளைகள் போட்டித் தேர்வுக்காகக் கேட்டால், பாடநூலில் உள்ளதை எழுதச் சொல்கிறேன்.

முதலிடம் இல்லேன்னா எதுக்கு இதைப் பத்தி இவ்வளவு பேசுறீங்க?

அது ஒரு கொத்துக்குள் இருப்பதற்காக. இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிக முக்கியமான பதில் இதுதான்.

திருவாதிரை தனியாக நிற்கிறது. அதன் வயது என்ன, பிறந்தபோது எவ்வளவு நிறை என்பதையெல்லாம் அதை மட்டுமே பார்த்து ஊகிக்க வேண்டும். டபிள்யூ 26-க்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஏறத்தாழ ஒரே தொலைவில், ஒரே மேகத்தில் பிறந்தவர்கள். ஆனால் ஒரே நிறையில் பிறந்தவர்கள் அல்ல. கனமான விண்மீன் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிட்டுச் சீக்கிரம் மூப்படையும். அதனால் ஒரே கொத்தில் வாழ்க்கையின் பல கட்டங்களையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்க முடிகிறது. வெஸ்டர்லண்ட் 1-இல் நான்கு சிவப்பு மீப்பெரு விண்மீன்கள் உண்டு: டபிள்யூ 20, 26, 75, 237. மீப்பெருவையும் மிஞ்சி ஒளிரும் மஞ்சள் மிகைப்பெரு விண்மீன்கள் ஆறு உண்டு. மேலுடம்பு முழுவதையும் உதறிவிட்டுக் கொதிக்கும் உள்பகுதியோடு நிற்கும் வொல்ஃப்-ராயே விண்மீன்கள் இருபதுக்கும் மேல். நான் முன்பு சொன்ன செத்த விண்மீனும் உண்டு. பால்வெளியில் வேறு எந்தக் கொத்திலும் இப்படி எல்லாக் கட்டமும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வொல்ஃப்-ராயே விண்மீன்களை வைத்துப் பார்த்தால் கொத்தின் வயது 40 அல்லது 50 லட்சம் ஆண்டு. சிவப்பு மீப்பெரு விண்மீன்களின் ஒளிர்வை வைத்து 2021-இல் வெளியான கணக்கோ ஒரு கோடி ஆண்டுக்கு அருகில் போகிறது. எல்லாம் ஒரே வீச்சில் பிறக்கவில்லையோ, அல்லது இரட்டையாகப் பிறந்தவை ஒன்றின் வாயுவை ஒன்று பறித்து வயதை மறைக்கின்றனவோ என்று ஆராய்கிறார்கள். விண்மீன்கள் எப்படி மூப்படைகின்றன என்ற நம் கணக்கையே சோதித்துப் பார்க்கும் இடம் இது.

அதைச் சுத்தி ஒளிர்ற புகை மாதிரி ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது. 2013-இல் சிலி நாட்டுப் பரணால் மலையிலுள்ள தொலைநோக்கி எடுத்த படங்களில், டபிள்யூ 26-ஐ ஒட்டி ஹைட்ரஜன் வாயு ஒளிர்வதைக் கண்டார்கள். விண்மீனை வளைத்த ஒரு கூடு, அதற்குச் சற்று அப்பால் முக்கோணமாக ஒரு திட்டு. ரேடியோவில் முன்பே தெரிந்த அயனி வாயுவுக்கு அப்போதுதான் தெளிவான உருவம் கிடைத்தது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஹைட்ரஜனை அப்படி ஒளிர வைக்கக் கடுமையான புற ஊதாக் கதிர் வேண்டும். முதல் பதிலில் சொன்ன 3,500 டிகிரிச் சொச்சத்தில் இருக்கும் ஒரு சிவப்பு விண்மீனால் அதைத் தர முடியாது. அப்படியானால் வேறு யாரோ விளக்கேற்ற வேண்டும். கொத்தில் சுற்றிலும் நிற்கும் சூடான நீல விண்மீன்கள் காரணமாக இருக்கலாம், அல்லது நமக்கு இன்னும் தெரியாத ஒரு சூடான துணை அருகிலேயே இருக்கலாம். கேட்டைக்கும் இப்படி ஒரு நீலத் துணை உண்டு. கேட்டை ஊதித்தள்ளும் வாயுவின் ஒரு பகுதியை அந்தத் துணையே அயனியாக்குகிறது. அதனால் துணை என்ற யோசனை அடிப்படை இல்லாதது அல்ல.

ஏன் தன் உடம்பையே இப்படிக் கொட்டுது?

பிடிமானம் இல்லாததால். அவ்வளவு ஊதிய உடம்பின் விளிம்பில் ஈர்ப்பு மிகவும் பலவீனம். உள்ளே கொதிக்கும் வாயுக் குமிழிகள் மேலே எழும்பி எழும்பி அடிக்கின்றன, விண்மீனே விம்மித் தணிகிறது. அந்த அசைவில் மேலே வரும் வாயு குளிர்ந்து தூசாகிறது. ஒளி அந்தத் தூசை வெளியே தள்ளுகிறது.

இதை நம் கண்ணாலேயே பார்த்தோம். 2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை திருவாதிரை வழக்கத்தை விட நன்றாகவே மங்கிப்போனது. வெடிக்கப்போகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு. பின்னர் தெரிந்தது: அது ஒரு பெரும் வாயுத் திட்டை உமிழ்ந்து, அது குளிர்ந்து தூசாகி நம் பார்வைக்கு நேரே வந்து மறைத்திருக்கிறது. சில மாதங்களில் பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது.

எப்போ வெடிக்கும்?

நாள் குறிக்க முடியாது. இந்தக் கட்டம் அதிகம் போனால் சில லட்சம் ஆண்டு முதல் பத்து லட்சம் ஆண்டு வரை. சூரியனின் 1,000 கோடி ஆண்டு ஆயுளோடு ஒப்பிட்டால் இது கண நேரம்.

டபிள்யூ 26 சிவப்பாக இருக்கும்போதே வெடிக்கும் என்பதும் நிச்சயமில்லை. மேலே சொன்ன கொட்டல் போதுமான அளவுக்கு நடந்தால், மேலுடம்பு கரைந்து, மறுபடி சூடேறி, மஞ்சளாகி, அதன் கூடப்பிறந்தவைபோல வொல்ஃப்-ராயே ஆகி, அதன் பிறகு வெடிக்கலாம். எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பதைப் பொறுத்தே அதன் சாவு. அதனால்தான் அந்த ஒளிரும் வாயுவை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்.

நாம பார்க்கிறது பழைய ஒளிதானே? ஏற்கெனவே வெடிச்சிருந்தா?

நல்ல கேள்வி. பாம்பனில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கேட்டது. இன்று வந்து சேரும் ஒளி அங்கிருந்து கிளம்பி 12,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன லட்சக்கணக்கோடு பார்த்தால் 12,000 ஆண்டு சிறு துண்டு. இடையில் வெடித்திருக்கலாம், வாய்ப்பு குறைவு. அது இன்னும் அங்கேயே இருக்கிறது என்று நினைப்பதுதான் நியாயம்.

அந்த ஒளி கிளம்பிய காலத்தில் நம் ஊர் எப்படி இருந்தது என்று பாருங்கள். பனியுகம் முடிந்துகொண்டிருந்த நேரம். கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட ஏறத்தாழ 60 மீட்டர் கீழே இருந்தது. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. அதாவது இன்று நாம் வடகடல் என்று சொல்லி வலை போடும் இடம் அன்று தரை. தங்கச்சிமடத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். அந்த ஒளி பாதி வழியைத் தாண்டிய பிறகே இராமேஸ்வரம் தீவானது.

தம்பி, அது வெடிச்சா இங்கே கடல் பொங்குமா?

பொங்காது. சுனாமியைப் பார்த்த கரை இது, பெரியவர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு சூப்பர்நோவா வெடிப்பு பூமியின் உயிர்களுக்குத் தீங்கு செய்ய வேண்டுமானால் சில பத்து ஒளியாண்டுகளுக்குள் நடக்க வேண்டும். இது 12,000-க்கும் மேல். அலை, காற்று, மீன்பாடு எதிலும் ஒரு மாற்றமும் வராது.

சொல்லப்போனால் வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாமல் போகலாம். சாதாரணமாக அவ்வளவு தொலைவில் நடக்கும் வெடிப்பு வெள்ளிக் கோள் அளவுக்குப் பளிச்சிடும். ஆனால் நாலாவது பதிலில் சொன்ன தூசு அதையும் மறைக்கும். கணக்குப் போட்டால் கண்ணின் எல்லைக்குச் சற்றே கீழே வருகிறது, பைனாகுலரில் சிக்கும். அதற்கு முன்பே நியூட்ரினோ துகள்கள் சேதி சொல்லிவிடும். அவற்றுக்குத் தூசு ஒரு தடையே இல்லை. 1987-இல் பால்வெளிக்குப் பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தபோது, ஒளி தெரிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே ஜப்பானின் கமியோகாண்டே உள்ளிட்ட நிலத்தடிக் கருவிகளில் இருபத்துச் சொச்சம் நியூட்ரினோக்கள் பதிவாயின.

எனக்குத் திருவாதிரை நட்சத்திரம். அது வெடிக்கப் போகுதுன்னு வாட்ஸ்அப்ல வருது. எனக்கு ஏதும் ஆகுமா?

ஒன்றும் ஆகாது. பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் என்பது நிலவு போகும் பாதையை 27 பங்காகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஒவ்வொரு பங்கும் 13 பாகை 20 கலை. அந்தப் பங்குக்கு அடையாளமாக ஒரு விண்மீனின் பெயரை வைத்தார்கள். செம்மையாக ஒளிரும் அந்த விண்மீன் நிலவின் பாதையை விட்டுத் தெற்கே தள்ளியே இருக்கிறது. விண்மீன் போனாலும் பங்கு அப்படியே இருக்கும். ஜாதகம் பார்ப்பவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

திருவாதிரை வெடிக்கத்தான் போகிறது, ஆனால் லட்சம் ஆண்டு அளவில் பேசுகிறோம். இடையே தூசு அதிகம் இல்லாததால், அது வெடித்தால் பாதி நிலா அளவுக்கு ஒளிர்ந்து பகலிலும் தெரியும்.

வெடிச்ச பிறகு கருந்துளை ஆயிடுமா?

இங்கேதான் வெஸ்டர்லண்ட் 1 எல்லோரையும் யோசிக்க வைத்தது. மிகவும் கனமாகப் பிறந்த விண்மீன் கருந்துளை ஆகும், சற்றுக் குறைந்தது நியூட்ரான் விண்மீன் ஆகும் என்பது பொதுவான பாடம். இந்தக் கொத்தில் சந்திரா கண்டுபிடித்த மிச்சம் ஒரு மேக்னட்டார். நகரம் அளவே இருந்து, 10.6 விநாடிக்கு ஒருமுறை சுழலும், கடுமையான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன் அது. கொத்தில் இன்னும் உயிரோடு இருப்பவற்றை விட அது கனமாகப் பிறந்திருந்தால்தான் அவற்றுக்கு முன் செத்திருக்க முடியும். கொத்துக்கு 50 லட்சம் வயது என்று வைத்துப் போட்ட கணக்குப்படி சூரியனைப் போல் 40 மடங்கு வரும். அவ்வளவு கனத்தில் பிறந்தது ஏன் கருந்துளை ஆகவில்லை? அதற்கு ஒரு துணை இருந்தது, அது வாயுவைப் பறித்து இதை இளைக்க வைத்தது என்று 2014-இல் ஒரு விளக்கம் வந்தது. கொத்தை விட்டு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் டபிள்யூ 5 என்ற விண்மீன்தான் அந்தத் துணை என்கிறார்கள்.

டபிள்யூ 26-க்கு என்ன ஆகும் என்பதில் இன்னொரு புதிரும் சேர்கிறது. வெடிப்புக்கு முந்தைய படங்களில் அடையாளம் காணப்பட்ட சிவப்பு மீப்பெரு விண்மீன்கள் பெரும்பாலும் சூரியனைப் போல் 8 முதல் 18 மடங்கு வரையிலானவை. அதை விடக் கனமானவை எப்படிச் சாகின்றன? வெடிக்காமலே உள்ளுக்குள் சரிந்து மறைகின்றனவா? 2 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் 2009-இல் ஒரு சிவப்பு மீப்பெரு விண்மீன் கொஞ்சம் ஒளி கூடி, பிறகு காணாமல் போனது. அது சரிந்ததா, தூசுக்குள் ஒளிந்ததா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது.

நம்ம உடம்புல இருக்கிறது எல்லாம் நட்சத்திரத்துல செஞ்சதுன்னு சொல்றீங்களே, அதுலேர்ந்தா?

டபிள்யூ 26-லிருந்து அல்ல. சூரியக் குடும்பத்துக்கு 460 கோடி வயது, இந்தக் கொத்துக்கு அதிகம் போனால் ஒரு கோடி. நம்மிடம் இருப்பது அதைப் போன்ற, மிகப் பழைய விண்மீன்கள் விட்டுப்போனது. வாலிநோக்கம் உப்பளத்தில் அள்ளும் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சோடியமும் குளோரினும் இருக்கின்றன. சோடியம் பெரும்பாலும் கனமான விண்மீன்கள் கார்பனை எரிக்கும் கட்டத்தில் உண்டாவது. குளோரின் அவை ஆக்சிஜனை எரிக்கும்போதும் வெடிக்கும்போதும் உண்டாவது. டபிள்யூ 26 இன்று கொட்டும் வாயு, இனிமேல் பிறக்கப்போகும் விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் போய்ச் சேரும்.

என் கேமராவுல அதைப் பிடிக்க முடியுமா?

கைப்பேசியில் முடியாது. பார்வை ஒளியில் அது ஏறத்தாழ 17-ஆம் பருமன், அதாவது கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனை விட இருபதாயிரம் மடங்குக்கு மேல் மங்கல். ஆனால் அகச்சிவப்பை நோக்கிப் போகப் போக அது மளமளவென்று பிரகாசமாகும். கேமராவின் உணரி, கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்பு வரை கொஞ்சம் பார்க்கும். அதைத் தடுக்கவென்று உணரிக்கு முன்னால் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்ட கேமராவைச் சிறு தொலைநோக்கியில் பொருத்தி, வானம் சுழல்வதற்கு ஏற்பத் திரும்பும் தாங்கியில் வைத்து, பல படங்களை எடுத்துச் சேர்த்தால் டபிள்யூ 26 ஒரு சிவப்புப் புள்ளியாக விழ வாய்ப்புண்டு.

அது இல்லாதவர்கள் பைனாகுலரை ஜீட்டா ஜோடிக்குச் சற்று மேலே திருப்புங்கள். என்ஜிசி 6231 என்ற இளம் கொத்து அள்ளித் தெளித்தது போலத் தெரியும். அது சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது, இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தட்டுப்படும். ஆடிக் காற்றில் மணலும் உப்பும் பறக்கும் என்பதால் கரை ஓரத்தில் நிற்காமல், சவுக்குத் தோப்பின் மறைவில் தெற்கே திறந்த இடமாகப் பாருங்கள். லென்ஸில் உப்புப் படிந்தால் உடனே துணியால் தேய்க்காதீர்கள். முதலில் ஊதிவிட்டு, பிறகு ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.